வெள்ளி மாலை காற்று ஓயும்

ரிண்டலா வீட்டுச் சமையலறையில் பகல் வானிலை அறிக்கை வாசிக்கும்போது யாரும் மெல்லக்கூட மாட்டார்கள். வாயில் ரொட்டி இருந்தால் அது அப்படியே இருக்கும், காபி ஆறினால் ஆறட்டும். செப்டம்பர் கடைசியில் எங்கள் பின்லாந்துச் சமவெளியில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். பாதிரியார் பிரசங்கத்துக்கு இந்த மரியாதை கிடைத்திருந்தால் மனிதர் இன்னும் பத்து வருஷம் கூடுதலாக வாழ்ந்திருப்பார்.

அந்தத் திங்கட்கிழமை வானொலியில் ஒரு பெண்குரல் அவசரமே இல்லாமல் வாசித்தது. செவ்வாயும் புதனும் பரவலாக மழை. புதன் மாலை முதல் வடமேற்கிலிருந்து பலத்த காற்று. வியாழனும் வெள்ளியும் மழையில்லை, காற்று நீடிக்கும். வெள்ளி மாலை காற்று ஓயும். சமவெளிப் பகுதிகளில் வெள்ளி இரவு மைனஸ் மூன்று டிகிரி, சனி இரவு மைனஸ் ஆறு, அடுத்து வரும் இரவுகளில் மைனஸ் எட்டு வரை.

சைமி வானொலியை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தாள். பதினைந்து ஏக்கர் உருளைக்கிழங்கு. அதில் ஆறு ஏக்கர் தோண்டிக் கிடங்குக்குள் போய்விட்டது. ஒன்பது ஏக்கர் இன்னும் மண்ணுக்குள் இருந்தது. மழையில் தோண்டினால் களிமண் கிழங்கோடு ஒட்டிக்கொண்டு வரும், கிடங்கில் போட்டால் ஒரே மாதத்தில் நாறும். உறைபனி விழட்டும் என்று விட்டால் மேல்மண்ணில் இருக்கும் கிழங்கு கல்லாக உறைந்து, இளகியதும் கூழாகிவிடும். காற்று அடிக்கிற இரவில் எங்கள் பக்கம் பனி உட்காராது. காற்று ஓய்ந்தால்தான் உட்காரும். ஆக, மழை நின்று காற்று ஓய்வதற்குள் இரண்டே பகல். அவளிடம் இருந்தது ஒரு வரிசை மட்டும் தோண்டும் பழைய மெஷின். நாள் முழுக்க ஓட்டினால் ஒன்றரை ஏக்கர். கணக்குப் போட அவளுக்கு விரல்கூட வேண்டியிருக்கவில்லை.

"மூணு ஏக்கர் வரும்" என்றாள். "மிச்சம் ஆறு ஏக்கர் போயிடும், யால்மாரி."

அவள் புருஷன் யால்மாரி ஜன்னலோரத்தில் வலது காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தான். பாதம் முதல் தொடைவரை மாவுக்கட்டு. நாலு வாரத்துக்கு முன் ஓட்ஸ் அறுக்கும் இயந்திரத்தின் ஏணியிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்துவிட்டது.

"போகட்டும்" என்றான்.

அவன் போகட்டும் என்று சொன்னால் உயிர் போகிறது என்று அர்த்தம். அந்தக் கிழங்கில்தான் அந்த வீட்டின் அடுத்த வருஷமே இருந்தது.

சைமி எங்கள் ஊரில் பிறந்தவள் இல்லை. கிழக்கே கரேலியா ஏரிக்கரையில் பிறந்தவள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வாய் ஓயாது. சிரிப்பார்கள், அழுவார்கள், அடுத்த வீட்டுக்குப் போய் உப்புக் கேட்பார்கள், அதற்குப் பதிலாக நாலு கதையைக் கொடுத்துவிட்டு வருவார்கள். இருபத்துமூன்று வயதில் ஒரு சைக்கிளும் ஒரு பெட்டியுமாக எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். விடுமுறை எடுக்கும் பண்ணைக்காரர்களுக்குப் பதிலாக மாடு கறக்க ஊராட்சி வைத்திருந்த ஆள் அவள். இருபத்துநாலு தொழுவம், இருபத்துநாலு வீடு. எந்த மாடு உதைக்கும், எந்த வீட்டுக்காரன் உதைப்பான் என்பதெல்லாம் ஒரே வருஷத்தில் அவளுக்கு அத்துப்படி.

யால்மாரி பிறந்ததிலிருந்து விடுமுறையே எடுக்காதவன். சட்டம் வந்துவிட்டது, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சொன்னதால் நாலு நாள் எடுத்தான். அந்த நாலு நாளும் தொழுவத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் சரியாகக் கறக்கிறாளா என்று பார்த்தான். நாலாம் நாள் சாயங்காலம், "மாடு உன்னை உதைக்கல" என்றான். எங்கள் சமவெளியில் காதலைச் சொல்ல இதைவிட நீளமான வசனம் கிடையாது. சைமிக்கு அது புரிந்ததே பெரிய விஷயம். புரிந்தது, கல்யாணமும் நடந்தது. ஆச்சு இருபத்துநாலு வருஷம். ஒரே மகள் தெற்கே நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

புருஷன் கீழே விழுந்த நாளிலிருந்து சைமி காலை ஐந்து மணிக்குப் பன்னிரண்டு மாட்டைக் கறந்தாள், மிச்ச ஓட்ஸை அறுத்தாள், கிழங்கு மெஷினை டிராக்டரில் பூட்டினாள். முதல் நாள் பின்னால் எடுக்கும்போது கொட்டகைக் கதவை உடைத்தாள். மூன்றாம் நாள் அவள் ஓட்டிய வரிசை நூல் பிடித்தது போல இருந்தது. யால்மாரி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. குறை சொல்லவில்லை என்றால் பாராட்டுகிறான் என்று எடுத்துக்கொள்ள அவள் எப்போதோ பழகிவிட்டாள்.

"டௌனோகிட்ட ரெண்டு வரிசை மெஷின் இருக்கு" என்றாள் சைமி. "அவன் வயல் எல்லாம் போன வாரமே முடிஞ்சுது. அவன் வந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள ஒன்பது ஏக்கரும் முடிஞ்சிடும்."

யால்மாரியின் கழுத்து சிவந்தது. "அந்தப் பேரை இந்த வீட்ல எடுக்காதே."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் டௌனோவின் வீடு. இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த ஜன்னல் தெரியும். சின்ன வயதில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாக ராணுவத்துக்குப் போனவர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் எல்லை வாய்க்காலைத் தூர் வாரியபோது, டௌனோ வெட்டிய வெட்டில் தண்ணீர் தன் வயலில் வந்து நிற்கிறது என்று யால்மாரி கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னான். ரிண்டலாவில் தண்ணீர் நிற்பது வயலில் இல்லை, வீட்டுக்காரன் தலைக்குள் என்று டௌனோ பதில் சொன்னான். ஊரே சிரித்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. விடாக்கண்டனுக்கும் கொடாக்கண்டனுக்கும் நடுவில் ஆறடி வாய்க்கால் ஓடியது.

பின்லாந்து முழுக்க எங்களைத் திமிர் பிடித்தவர்கள் என்றுதான் சொல்வார்கள். பொய் இல்லை. கேட்காமல் உதவிக்குப் போவது எங்கள் ஊரில் வசவுக்குச் சமம். உன்னால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது அது. வாய்விட்டுக் கேட்பது அதைவிடக் கேவலம், என்னால் முடியாது என்று நம்மை நாமே சொல்லிக்கொள்வது. ஒருவன் வாய்க்காலில் விழுந்து கிடந்தால் அவன் கூப்பிடும்வரை கரையில் நின்று வானிலை பற்றிப் பேசுவோம். அவனும் படுத்தபடியே பதில் சொல்வான்.

"ரிண்டலா வாசல்லேர்ந்து ஒருத்தன் இன்னொருத்தன் வீட்டுக்குப் போய்க் கேட்டதா சரித்திரமே கிடையாது" என்றான் யால்மாரி. "பஞ்ச காலத்துல மரப்பட்டையை அரைச்சு ரொட்டி சுட்டுத் தின்னாங்க. கேட்கல."

"சரி. இந்த வருஷம் நாம அழுகின கிழங்கைத் தின்னுவோம். சரித்திரத்துல அதையும் எழுதிக்கோ."

"சைமி, உனக்கு எல்லாம் விளையாட்டு. அவன்கிட்ட போய் உதவி கேட்கமாட்டேன்னு எனக்கு வாக்குக் குடு."

அவள் அவனைப் பார்த்தாள். நாலு வாரமாக முழு ராத்திரி தூங்காத முகம். வலியினால் மட்டும் அல்ல. தன் வயலில் பெண்டாட்டி தனியாகக் கிடந்து மாய்கிறாள், தான் முக்காலியில் காலை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறோம் என்ற எரிச்சல். அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே நெஞ்சும் வலித்தது.

"குடுத்தேன்" என்றாள். "கேட்கமாட்டேன்."

வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். கரேலியாக்காரியாக இருந்தாலும் அந்த ஒரு விஷயத்தில் அவள் எங்கள் ஊர்க்காரி.

சொன்னபடியே செவ்வாய்க்கிழமை மழை வந்தது. புதன்கிழமையும் விடவில்லை. சைமி தொழுவத்தில் பால் கறந்துகொண்டே யோசித்தாள். முரட்டு மாட்டைப் பின்னாலிருந்து தள்ளினால் அது கதவுக்குள் போகவே போகாது. காலை ஊன்றிக்கொண்டு நிற்கும். நாம் முதுகைக் காட்டிக்கொண்டு, நீ வந்தால் என்ன வராவிட்டால் என்ன என்று நடந்தால், நம்மை முந்திக்கொண்டு உள்ளே போகும். இருபத்துநாலு தொழுவத்தில் அவள் படித்த பாடம் அது. மாட்டைப் பற்றி மட்டும் படித்த பாடம் இல்லை.

புதன்கிழமை மதியம் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, பாலம் சுற்றி டௌனோ வீட்டுக்கு நடந்தாள். டௌனோவின் மனைவி எல்வியிடம் ரொட்டிக்குப் புளித்த மாவு வாங்கப் போகிறேன் என்று யால்மாரியிடம் சொன்னாள். அது உண்மையும்தான். ஆண்கள் பேசாவிட்டால் என்ன, பெண்களுக்குள் மாவுக்கும் வம்புக்கும் என்றைக்குமே தடை இருந்ததில்லை.

டௌனோ கொட்டகையில் இருந்தான். பெரிய உடம்பு, சிவந்த காது, கையெல்லாம் கிரீஸ். கிழங்கு மெஷினின் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். போன வாரமே வேலை முடிந்துபோன மெஷின், அடுத்த ஆகஸ்ட் வரை தார்ப்பாய்க்குள் தூங்க வேண்டியது. சைமி அதைக் கவனித்தாள், கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"என்ன சைமி, இந்த மழையில?"

"எல்விகிட்ட புளிச்ச மாவு வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"உள்ள இருக்கா."

"ம்." அவள் போகவில்லை. மெஷினைச் சுத்தி ஒரு நடை நடந்தாள். "பளபளன்னு வெச்சிருக்கே. பார்க்க அழகாத்தான் இருக்கு."

"பார்க்கவா?" டௌனோ நிமிர்ந்தான்.

"இல்ல, யால்மாரி என்னமோ சொல்லிட்டிருந்தான்... விடு, நமக்கெதுக்கு. பேசாம இருக்கறவங்க விஷயம்."

"என்ன சொன்னான்?"

"சும்மா உக்காந்திருக்கறவன் ஆயிரம் சொல்வான். நான் மாவு வாங்கிட்டுக் கிளம்பறேன்."

"ஏய், நில்லு. சொல்லிட்டுப் போ."

சைமி திரும்பினாள். மழைத்தண்ணீர் அவள் மூக்கிலிருந்து சொட்டியது. "இது மணல் பூமிக்குத்தான் லாயக்காம். எங்க களிமண்ல இறங்கினா நாலு வரிசை தாண்டாதாம். அஞ்சாவது வரிசையில எங்க டிராக்டர்தான் வந்து கட்டி இழுக்கணுமாம்."

டௌனோவின் காது இன்னும் சிவந்தது. எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். "அவனா சொன்னான்? எம்மெஷினைப் பத்தியா?"

"கால்தானே ஒடிஞ்சிருக்கு, வாய் ஒடியலையே" என்று சொல்லிவிட்டு மாவு வாங்க உள்ளே போனாள். மாவுப் பாத்திரத்தை மழைக்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு வீடு திரும்பினாள். அவள் கேட்கவில்லை. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஆனால் புருஷன் பெயரில் ஒரு முழுப் பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் காற்று எழுந்தது. வடமேற்கிலிருந்து, நடுவில் தடுக்க ஒரு மேடுகூட இல்லாத எங்கள் பூமியில், வைக்கோல் கொட்டகைகளின் பலகைகளைத் தடதடவென்று ஆட்டிக்கொண்டு வந்தது. சைமி படுத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

வியாழன் காலை வெளிச்சம் வந்ததும் டிராக்டரை வயலில் இறக்கினாள். மண் ஈரம்தான், ஆனால் காற்று மேல்மண்ணை உலர்த்தத் தொடங்கியிருந்தது. மெஷினின் மேடையில் நின்று மண்ணாங்கட்டி பொறுக்கத் தபால்காரரின் மனைவியும் அவள் தங்கையும் வந்திருந்தார்கள். அவள் இரண்டு வரிசை முடித்துத் திரும்பும்போது பாலத்துப் பக்கம் சத்தம் கேட்டது. டௌனோ சிவப்பு டிராக்டரில், பின்னால் ரெண்டு வரிசை மெஷினோடு வந்துகொண்டிருந்தான். மெஷின் மேடையில் அவன் மனைவி எல்வி, தலையில் துணி கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி நின்றிருந்தாள்.

டௌனோ யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. அனுமதி கேட்கவில்லை. மெஷினை நேரே வயலில் இறக்கி ஓட்டினான். போக ரெண்டு, வர ரெண்டு. நாலு வரிசை முடிந்ததும் சரியாகச் சமையலறை ஜன்னலுக்கு எதிரே டிராக்டரை நிறுத்தி, கீழே இறங்கி, ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினான். பிறகு கட்டைவிரலையும் சேர்த்து விரித்து ஐந்தாகக் காட்டினான். ஏறி உட்கார்ந்து அடுத்த வரிசைக்குப் போனான்.

காலைக் காபி எடுத்துவர சைமி உள்ளே போனபோது யால்மாரி ஊன்றுகோலோடு எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"யாரு கூப்பிட்டா அவனை?"

"நான் கூப்பிடல."

"கேட்டியா?"

"கேட்கல. வாக்குக் குடுத்தேன்ல?"

"அப்புறம் எதுக்கு வந்து நிக்கறான்? என்ன நாலு விரலைக் காட்டறான்? என்ன திமிரு இவனுக்கு!"

"என்னைக் கேட்டா? போய் அவனைக் கேளு" என்று சொல்லிவிட்டு அவள் காபிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். அங்கேயே நின்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

வயலோரத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பெண்கள் காபி குடித்தார்கள். எல்வி சைமியின் காதருகே குனிந்தாள்.

"நீ என்ன மந்திரம் போட்டே?"

"ஒண்ணும் போடல."

"திங்கக்கிழமை ரேடியோவுல சொன்னதிலிருந்து இந்த மனுஷன் ஜன்னலை விட்டு நகரல. செவ்வாய்க்கிழமையே டிராக்டர்ல டீசல் ரொப்பியாச்சு. 'யாராவது வந்து கேட்டா போகலாம், கேட்காம எப்படிப் போறது, யால்மாரிக்கு அவமானமா இருக்குமே'ன்னு புலம்பல். நேத்து நீ போனப்புறம் தொட்டியில முங்கி எழுந்தவன் மாதிரி தெளிஞ்சுட்டான். ராத்திரி சாப்பிடும்போது சிரிக்கறான்!"

சைமி காபியைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். மூணு நாளாக இந்த ஜன்னலில் ஒருவன், அந்த ஜன்னலில் ஒருவன், நடுவில் மழை. இரண்டு பேரையும் சேர்த்து வைத்து அறையலாம் போல இருந்தது அவளுக்கு.

அன்று இருட்டுவதற்குள் ஐந்து ஏக்கர் முடிந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு இன்னொரு மூன்று. மிச்சம் ஒரே ஏக்கர், வாய்க்காலை ஒட்டிய தாழ்வான மூலை. எந்த மூலையைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் சண்டை வந்ததோ அந்த மூலைதான். அங்கே மண்ணுக்கடியில் இன்னும் தண்ணீர் இருந்தது. டௌனோ இறங்கினான். ஒரு நடை போனான். திரும்பும்போது டிராக்டரின் பின்சக்கரம் அச்சுவரை மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

சைமி ஓடினாள். "சங்கிலி கொண்டு வரேன். என் டிராக்டரைக் கட்டி இழுத்துடலாம்."

"வேண்டாம்."

"டௌனோ..."

"உன் டிராக்டர் வந்து இழுக்கணும்னு அவன் சொன்னான்ல? அது மட்டும் நடக்காது. நானே எடுத்துக்கறேன்."

மண்வெட்டியை எடுத்துத் தோண்டத் தொடங்கினான். சக்கரத்துக்கடியில் பலகை வைத்தான். சக்கரம் பலகையையும் விழுங்கியது. மறுபடி தோண்டினான். ஒரு மணி நேரம் போனது. அதற்குள் சைமிக்கு இன்னொன்று புரிந்தது. காது குளிர்வது நின்றிருந்தது. கொட்டகைப் பலகைகளின் சத்தம் இல்லை. காற்று இறங்கிக்கொண்டிருந்தது. வானொலிப் பெண் சொன்ன சொல் தவறவில்லை.

தான் கட்டிய கதையிலேயே தன் கிழங்கு மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அவன் மெஷினைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். மானஸ்தன், ஏமாற்றினால் பொறுக்கமாட்டான். சொல்லாவிட்டால் இருட்டும்வரை இப்படியே தோண்டிக்கொண்டிருப்பான். அவள் மண்ணில் இறங்கி அவன் எதிரே நின்றாள்.

"டௌனோ, யால்மாரி அப்படிச் சொல்லல."

அவன் மண்வெட்டியை நிறுத்தினான்.

"நான்தான் சொன்னேன். முழுப் பொய். உன்கிட்ட கேட்கமாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருந்தேன், அதனால சீண்டிவிட்டேன். என்னை வையறதா இருந்தா வை. ஆனா சங்கிலியைக் கட்டவிடு."

டௌனோ அவளை வைவான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் கோபம் வரவில்லை. பெரிய மனிதன், ஏதோ கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன மாதிரி நின்றான்.

"ஒண்ணுமே சொல்லலையா?" என்றான். "எம்மெஷினைப் பத்தி?"

"இல்ல."

"ஒன்பது வருஷத்துல? ஒரு வார்த்தைகூடவா?"

சைமிக்கு அப்போதுதான் புரிந்தது. யால்மாரி தன்னைப் பற்றிப் பேசினான், திட்டவாவது திட்டினான் என்ற ஒன்றுக்காகத்தான் இந்த மனிதன் இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டே தோண்டியிருக்கிறான்.

"சங்கிலியைக் கொண்டு வா" என்றான் டௌனோ, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு. "காத்து ஓயுது."

சைமி தன் டிராக்டரைக் கெட்டித் தரையில் நிறுத்திச் சங்கிலியைக் கட்டினாள். முதல் இழுப்பில் நகரவில்லை. இரண்டாவதில் சிவப்பு டிராக்டர் ஆடியது. மூன்றாவதில் மண் சளப்பென்று விட்டது, எல்வி கைதட்டினாள். அதன்பிறகு யாரும் நிற்கவில்லை. தாழ்ந்த இடத்தை மெஷின் தொடாமல் விட்டார்கள். அந்தத் துண்டை எல்வியும் தபால்காரரின் மனைவியும் அவள் தங்கையும் இரும்புக் கவைக்கோலால் தோண்டினார்கள், முதுகு ஒடிய. சூரியன் சமவெளியின் விளிம்பில் உட்கார்ந்தபோது கடைசிப் பெட்டி கிடங்குக்குள் போனது. காற்று அறவே நின்றிருந்தது. வாயைத் திறந்தால் புகை வந்தது.

சைமி வெறும் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் கொப்புளம், நகத்துக்குள் களிமண், நிற்க முடியாத இடுப்பு. பெருமையாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்லலாம், ராஜ்ஜியத்தைப் பிடித்தவளுக்கு இருக்கிற பெருமை. எங்கிருந்தோ சைக்கிளில் வந்த ஏரிக்கரைக்காரி, பதினைந்து ஏக்கரையும் உறைபனியின் வாயிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

அப்போதுதான் வீட்டுக் கதவு திறந்தது. யால்மாரி ஊன்றுகோல் இரண்டையும் ஊன்றி முற்றத்துக்கு இறங்கி வந்தான். விழுந்த நாளுக்கப்புறம் இதுதான் முதல் தடவை. டிராக்டருக்கு நாலடி தள்ளி நின்றான். டௌனோ இறங்கினான். பெண்கள் நாலு பேரும் கிடங்கு வாசலில் நின்று பார்த்தார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்கள்.

"ராத்திரி உறையும்" என்றான் யால்மாரி.

"உறையும்" என்றான் டௌனோ. பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே, "எம்மெஷினைப் பத்தி என்னமோ சொன்னியாமே?" என்றான்.

சைமி திடுக்கிட்டாள். உண்மை தெரிந்த பிறகும் எதற்காக இவன் கேட்கிறான்? யால்மாரிக்கோ ஒன்றும் தெரியாது. பிறந்ததிலிருந்து பொய் சொல்லாதவன், சொன்ன சொல்லை ஒருநாளும் திருப்பி எடுக்காதவன். இல்லை, நான் எதுவும் சொல்லவில்லை என்று இப்போது சொல்வான், எல்லாம் போச்சு. வேண்டாம் என்று தலையாட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

யால்மாரி டௌனோவைப் பார்த்தான். பிறகு அவன் கண் மெல்ல நகர்ந்து தன் பெண்டாட்டி முகத்தில் நின்றது. பிறகு நிரம்பிய கிடங்கின் கதவைப் பார்த்தான். டௌனோவின் கையைப் பார்த்தான், நேற்றுக் காலை ஜன்னலுக்கு எதிரே நாலு விரலைக் காட்டிய கை.

"சொன்னேன்" என்றான். "நாலு வரிசை தாண்டாதுன்னு சொன்னேன்."

டௌனோ கையுறையைச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

"தப்பாச் சொல்லிட்டேன். வாபஸ் வாங்கிக்கறேன்." ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையை நீட்டினான். "நல்ல மெஷின்."

டௌனோ அந்தக் கையைப் பிடித்தான். யால்மாரி தான் சொல்லாததைச் சொன்னதாக ஏற்றுக்கொண்டு, அதை வாபஸும் வாங்குகிறான் என்பது டௌனோவுக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, பிடித்த கையை விட அவனுக்கு வெகுநேரம் ஆனது. காது இரண்டும் தீயாகச் சிவந்திருந்தன.

"வாய்க்காலை" என்றான் டௌனோ கரகரத்த குரலில், "வசந்தத்துல ரெண்டு பேருமா வெட்டுவோம். அந்த மூலையில தண்ணி நிக்கத்தான் செய்யுது."

"நிக்குது" என்றான் யால்மாரி.

எல்லாரும் உள்ளே போய் மீன் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். இரண்டு ஆண்களும் ஒன்பது வருஷத்து வானிலையைப் பேசினார்கள். எந்த வருஷம் எந்தத் தேதியில் முதல் உறைபனி விழுந்தது என்பதில் மட்டும் இரண்டு தடவை சண்டை வந்தது, நல்ல சண்டை.

விருந்தாளிகள் போன பிறகு சைமி பாத்திரம் கழுவினாள். முதுகுக்குப் பின்னால் யால்மாரி உட்கார்ந்திருந்தான். அவன் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. திட்டு வரும் என்று காத்திருந்தாள். வந்தால் வாங்கிக்கொள்ளத் தயார். இந்த மனிதன் இன்று அவளுக்காக ஊர் முன்னால் தன் சொல்லை விழுங்கியிருந்தான். ஒன்பது ஏக்கர் கிழங்கைவிட அது அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"சைமி" என்றான்.

"ம்."

"இன்னொரு தடவை நான் என்னமோ சொன்னேன்னு போய்ச் சொல்றதா இருந்தா, முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு." ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தான். "நானா இருந்தா இன்னும் நல்லாத் திட்டியிருப்பேன்."